பார்க்கின்சன்: எவ்வளவு முன்னால் தெரிய வேண்டும்?

திருவண்ணாமலையில் நரம்பியல் சிகிச்சை அளிக்கும் என்னிடம் அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி வருகிறது. பார்க்கின்சன் நோயாளியின் மகனோ மகளோ, பெரியவருக்கு மருந்து எழுதி முடித்த பிறகு தயங்கிக் கேட்கிறார்கள்: “எங்களுக்கும் வருமான்னு இப்பவே பார்க்க டெஸ்ட் இருக்காமே டாக்டர்?” அதற்கான பரிசோதனை உருவாகிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் நலமாக இருப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இது பரம்பரை நோய் அல்ல என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணங்களைச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரின் நிலையை விவரித்து எழுதியபோது, நடுக்கத்தையும் முன்னோக்கிச் சாய்ந்த நடையையும் நோயின் அடையாளங்களாகப் பதிவு செய்தார். நோய் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. நடுமூளையில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்ற கருமை படிந்த சிறு பகுதி இருக்கிறது. உடலசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரப்பவை அங்குள்ள செல்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி அழிந்த பிறகே விரல் நடுங்கத் தொடங்குகிறது. அதுவரை எஞ்சிய செல்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகின்றன. ஏரி பாதி வற்றிய பின்னும் மதகு வழியே கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பதைப் போன்றது இது.

2003-இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழுவினர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து இந்த அழிவுக்கு ஒரு வரிசை உண்டு என்றார்கள். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருமாறித் திரள்வது முதலில் மோப்பத்துக்கான பகுதியிலும், குடலோடு தொடர்புடைய வேகஸ் நரம்பு புறப்படும் இடத்திலும்தான். நடுமூளையை அது பிறகே எட்டுகிறது. நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரும் மலச்சிக்கல், மணம் தெரியாமை, தூக்கக் கோளாறு ஆகியவற்றுக்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்தது. இவற்றில் மிக வலுவான முன்னறிகுறி கனவுத் தூக்கத்தில் வரும் கோளாறு. கனவு காணும் நேரத்தில் தளர்ந்திருக்க வேண்டிய தசைகள் தளராததால், தூங்குபவர் கத்துவார், உதைப்பார், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்தும் விடுவார். இக்கோளாறு உறுதி செய்யப்பட்ட 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, 12 ஆண்டுகளில் 73.5% பேருக்குப் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு நோயோ வரக்கூடும் எனக் கணித்தது.

ஆனால், பிராக் சொன்ன வரிசை எல்லோருக்கும் பொருந்தவில்லை. சிலருக்கு நோய் உடலில் தொடங்கி மூளைக்கு ஏறுகிறது, சிலருக்கு மூளையிலேயே தொடங்குகிறது என்கிறார் டென்மார்க்கின் பெர் போர்க்ஹாமர். இரண்டாம் வகையினருக்கு மலச்சிக்கலோ கனவுக் கோளாறோ முன்கூட்டி வராமலே போகலாம். முன்னறிகுறி இருப்பவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. இல்லாதவர் எல்லோரும் தப்பித்தவரும் இல்லை.

2023-இல் முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரில் உருமாறிய ஆல்ஃபா சைனூக்ளினைக் கண்டறியும் பரிசோதனையின் பெரிய ஆய்வு வெளியானது. பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7% பேரை அது சரியாகக் காட்டியது. மோப்பம் குறைந்திருந்தும் நடுக்கம் வராத சிலரிடமும் அந்தப் புரதத்தைக் கண்டது. அடுத்த ஆண்டே, அறிகுறிகளுக்குக் காத்திராமல் புரதத்தை வைத்தே நோயை வரையறுக்கலாம் என இரண்டு ஆய்வுக் குழுக்கள் முன்மொழிந்தன. ஆராய்ச்சிக்கு இது பெரிய முன்னேற்றம். என் தயக்கம் அதை ஊர்ப் பரிசோதனைக்கூடங்களுக்குக் கொண்டுவருவதில்தான். 60 வயதைக் கடந்து, பார்க்கின்சன் அறிகுறி எதுவுமின்றி இறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் மூளையில் இதே புரதத் திரள்கள் கிடைத்திருக்கின்றன. தங்களிடம் ஒரு நோய் இருந்ததே தெரியாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அவர்கள்.

எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. நலமாக இருக்கும் ஆயிரம் முதியவர்களில் பத்துப் பேருக்கு நோய் மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனை அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கிறது. நோயற்றவர்களில் பத்து சதவீதத்தினரைத் தவறாகச் சுட்டுகிறது. மொத்தம் 108 பேருக்கு ‘இருக்கிறது’ என்று அறிக்கை போகும். உண்மையில் நோய் உள்ளவர் பன்னிரண்டில் ஒருவர்தான். மற்ற 99 பேரின் பயத்தை எந்தச் சிகிச்சையால் போக்குவது?

அந்த ஒருவருக்காவது நம்மிடம் மருந்து உண்டா? புரதத்தைக் குறிவைத்த பிராசினெசுமாப், சின்பனெமாப் ஆகிய இரு மருந்துகளின் ஆய்வுகளும் 2022-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. நீரிழிவு மருந்தான எக்ஸனடைடின் மூன்றாம் கட்ட ஆய்வும் 2025-இல் ஏமாற்றமே தந்தது. லெவோடோபா அறிகுறிகளை அருமையாகக் குறைக்கிறது. ஆனால் அதை முன்கூட்டித் தொடங்கினால் நோயின் போக்கு மாறுவதில்லை என்று 2019-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இருப்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் தாமோதரன், ராமசாமி ஆகிய சென்னை ஆய்வாளர்கள் உண்டு, ஆண்டு 1937. அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். ‘வராமல் தடுக்கும்’ என்று நம்பி விதைப்பொடி உண்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

என்னோடு முரண்படும் மருத்துவ நண்பர்கள் ஒரு நியாயத்தை முன்வைப்பார்கள். செல்கள் பாதி அழிந்த பிறகு மருந்தைச் சோதித்ததால்தான் தோல்வி. தொடக்கநிலையில் உள்ளவர்களை அடையாளம் காணாமல் தடுப்பு மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குரிய இடம் ஆய்வுத் திட்டம்: முறையான ஒப்புதல், முன்னும் பின்னும் ஆலோசனை, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு. அவ்வாய்வுகளில் நம் மக்களும் இருக்க வேண்டும். மேலைநாட்டு மோப்பப் பரிசோதனையில் வரும் பல மணங்கள் நம் கிராமத்து முதியவருக்கு அறிமுகமே இல்லாதவை. இந்தியருக்குப் பழகிய மணங்களைக் கொண்ட பரிசோதனையை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்தது இதனால்தான்.

மாவட்ட அளவில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இன்னொரு தாமதம்: அறிகுறி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நோய்க்குப் பெயர் வைக்க ஆகும் காலம். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியிருப்பது, கையெழுத்து சிறுத்துப்போவது, குரல் தணிவது, முகத்தில் உணர்ச்சி குறைவது இவையெல்லாம் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. தோள் இறுக்கத்துக்கு மாதக்கணக்கில் எண்ணெய் தடவி, மின்சிகிச்சை எடுத்த பிறகு நரம்பியல் மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைடு போன்றவற்றை நீண்ட நாள் உட்கொள்ளும் முதியவர்களுக்குப் பார்க்கின்சனைப் போன்ற தளர்ச்சி வரும். பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து அவற்றை நிறுத்தினாலே பலர் சில மாதங்களில் தேறுவார்கள். இவற்றைக் கண்டுபிடிக்கத் தண்டுவட நீர் தேவையில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு கை அசைவு மந்தமாகியிருக்கிறதா, தூக்கத்தில் கத்தி உதைக்கிறாரா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற கேள்விகளையும் அவர்கள் வீட்டாரிடம் கேட்கலாம். கனவுக் கோளாறு மட்டும் இருப்பவரிடம் பார்க்கின்சன் என்ற பெயரை எடுத்ததும் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலைத் தாழ்வாக்கி, கூரான பொருள்களை அகற்றி, மனச்சோர்வு மருந்து எதுவும் அதைத் தூண்டுகிறதா என்று பார்த்து, மேற்கொண்டு அறிய விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

நோய் இவ்வளவு முன்னால் தொடங்குகிறது என்றால் தடுப்பும் அவ்வளவு முன்னால் தொடங்க வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லியைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் என்றது 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அது தொடர்பைக் காட்டுவதே தவிர, காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையும் அந்தக் களைக்கொல்லியை வேறு காரணங்களுக்காகவும் கைவிட்டன. நெல்லும் மணிலாவும் விளையும் எங்கள் மாவட்டத்தில் வெறுங்கையோடும் முகமூடியின்றியும் மருந்து தெளிப்பவர்களைப் பாதுகாக்க, இறுதி நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடற்பயிற்சிக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு; பௌர்ணமிக்கு ஒருமுறை 14 கிலோமீட்டர் கிரிவலம் போவதைவிட, மூச்சு வாங்குமளவு வேகமாக அன்றாடம் அரை மணி நேரம் நடப்பது மேல்.

நோயின் ஓட்டத்தை நிறுத்தும் மருந்து ஒன்று நிரூபணமாகும் நாளில், மேலே சொன்ன கணக்கு மாறும்; என் நிலைப்பாடும் மாறியாக வேண்டும். அதுவரை நலமாக இருப்பவர்களிடம் நோயைத் தேடச் செலவிடும் பணமும் கவனமும், நோய் வெளிப்பட்டும் அறியப்படாதவர்களுக்குப் போகட்டும். ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் லெவோடோபா தட்டுப்பாடின்றிக் கிடைப்பதும், அதை எழுதத் தெரிந்த மருத்துவர் இருப்பதுமே இன்று நாம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை.

– கட்டுரையாளர், நரம்பியல் மருத்துவர்