அலுமாரிப் பொம்மையின் விலையும் பெறுமதியும்

பொம்மை என்றதும் சிறுபிள்ளைகளின் ஞாபகமே நமக்கு வருகிறது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் பொம்மைக்காகப் பணத்தைச் செலவிடுவோரில் வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் விளையாடுவதற்காக அதை வாங்குவதில்லை. பலர் பெட்டியைக்கூடத் திறக்காமல் அலுமாரியில் அடுக்கி வைக்கிறார்கள். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் சித்திரக்கதைகளிலும் வரும் பாத்திரங்களின் சிற்றுருவங்களே அவை. இந்தச் சேகரிப்பு மோகத்தால் வளர்ந்த ஒரு கம்பனியின் கதையை இம்மாதம் பார்ப்போம். வீட்டு வரவு செலவைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஃபன்கோ என்ற அந்தக் கம்பனியை 1998 இல் மைக் பெக்கர் என்பவர் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் என்ற சிறு நகரில் ஆரம்பித்தார். பிக் போய் என்ற உணவகத்தின் விளம்பரச் சின்னமான பையனைத் தலையாட்டிப் பொம்மையாகச் செய்ததுதான் முதல் உற்பத்தி. பழைய விளம்பரங்கள் மீது மக்களுக்கு இருந்த பற்றே அதன் மூலதனம். 2005 இல் பிரையன் மரியோட்டி கம்பனியை வாங்கினார். 2010 இல் 'பொப்' என்ற வரிசை அறிமுகமானது. நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம், உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, கறுத்த வட்டக் கண்கள், பெரும்பாலானவற்றுக்கு வாயே இல்லை. பேட்மேன் ஆனாலும் ஹரி பொட்டர் ஆனாலும் முகச்சாயல் ஒன்றுதான். 2017 இல் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது. 2021 இல் அதன் வருட விற்பனை முதன்முறையாக ஆயிரம் மில்லியன் டொலரைத் தாண்டியது.

கைக்குள் அடங்கும் ஒரு வினைல் பொம்மைக்கு நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

ஒரு பங்கு அனுமதிக்குப் போகிறது. பாத்திரம் ஃபன்கோவுக்குச் சொந்தமானதல்ல. படத்தைத் தயாரித்த நிறுவனத்திடம் உரிமம் பெற்று, விற்பனையில் ஒரு வீதத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். இன்னொரு பங்கு தொழிற்சாலைக்குப் போகிறது. சீனாவிலும் வியட்நாமிலும் மெக்சிக்கோவிலும் உள்ள தொழிற்சாலைகளில் வேறு யாரோ அச்சில் வார்த்து, வர்ணம் பூசி, பெட்டியில் அடைக்கிறார்கள். பெட்டியின் மேல் உரிமம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். வர்ணம் பூசியவரின் பெயர் இருக்காது. சந்தையில் ஒரு பண்டம் வந்து நின்றதும் அதன் பின்னால் இருக்கும் உழைப்பு கண்ணிலிருந்து மறைந்து, பண்டத்துக்கே ஏதோ சக்தி இருப்பதுபோலத் தோன்றும் என்று கார்ல் மார்க்ஸ் 1867 இல் 'மூலதனம்' நூலில் விளக்கினார். சமூகவியல் வகுப்பில் அதைப் படிப்பவர்களுக்கு இந்தப் பொம்மையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவற்றைவிட முக்கியமானது 'அருமை'. கிடைப்பதற்கு அரிது என்ற எண்ணத்தைத்தான் சொல்கிறேன். சில பொம்மைகளில் ஆறுக்கு ஒன்று வீதம் வர்ணத்தையோ தோற்றத்தையோ சற்று மாற்றி அனுப்புவார்கள். இன்னும் சிலவற்றில், குறிப்பிட்ட ஒரு கடையில் அல்லது கண்காட்சியில் மட்டும் விற்பனைக்கு என்று ஒட்டி இருக்கும். சிலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது, பெட்டகத்துக்குள் போய்விட்டது என்று அறிவிப்பார்கள். உடனே கைமாறும் விலை ஏறும். பிளாஸ்டிக்கும் அச்சும் பழையவைதான், விலை மட்டும் பல மடங்கு. இதைப் பார்த்துத்தான் பலர் 'இது செலவல்ல, முதலீடு' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வாங்கினார்கள்.

அந்த அருமை எவ்வளவு உறுதியானது என்பதை 2023 காட்டிக்கொடுத்தது. கொரோனாக் காலத்தில் கேள்வி பெருகியபோது கம்பனியும் உற்பத்தியைப் பெருக்கியது. பிறகு கடைக்காரர்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். 2022 முடிவில் கம்பனியின் கையிருப்பு ஏறத்தாழ 246 மில்லியன் டொலர் பெறுமதியில் தேங்கிக் கிடந்தது. அது முந்திய வருட முடிவைவிட 48 வீதம் அதிகம். அரிசோனாவில் இருந்த களஞ்சியம் நிரம்பி வழிந்து, கொள்கலன்களை வாடகைக்கு எடுக்க வேண்டிய நிலை. அவற்றைப் பாதுகாக்கும் செலவு கட்டுப்படியாகாத காரணத்தால், 30 முதல் 36 மில்லியன் டொலர் பெறுமதியான பொருட்களை அழித்துவிடப் போவதாக 2023 மார்ச்சில் கம்பனி அறிவித்தது. அதே வேளையில் ஊழியரில் பத்து வீதமளவிலானோரைக் குறைப்பதாகவும் அறிவித்தது.

யாரோ ஒருவர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கி, தூசு படாமல் வைத்திருக்கும் அதே வகைப் பொருள், இன்னோரிடத்தில் குப்பையாகிறது. அது உக்கி மண்ணாகும் பொருளும் அல்ல. அதைச் செய்த கைகளின் உழைப்பும் அதோடு போகிறது. ஆகவே இந்தப் பொம்மையின் விலையை முக்கியமாகத் தீர்மானித்தது பொருளோ உழைப்போ அல்ல, 'எல்லோருக்கும் கிடைக்காது' என்ற நம்பிக்கையே. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்களின் களஞ்சியத்திலேயே அது செல்லாக் காசாகிப் போனது.

இதற்காகச் சேகரிப்பவர்களைப் பரிகசிப்பது சரியல்ல. தகப்பனோடு பார்த்த படம், பாடசாலைக் காலத்தில் துணையாக இருந்த கதை என்று ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் ஒரு நினைவு இருக்கலாம். ஒரே விருப்பமுள்ளவர்கள் ஒன்றுகூடும்போது தனிமையும் குறைகிறது. அந்த நினைவும் உறவும் உண்மையானவை. அவற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

பொம்மை என்றில்லை. சேலையிலும் நகையிலும் கைத்தொலைபேசியிலும் 'இன்றோடு முடிகிறது', 'இனிக் கிடைக்காது' என்ற சொற்கள் நம் வீட்டு வாசலுக்கும் வருகின்றன. அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இது அரிது என்று சொல்பவர் யார், அவருக்கு அதில் என்ன இலாபம்? நாளை இதன் விலை பாதியானாலும் எனக்கு இது பிடிக்குமா? இதற்காக வீட்டில் எந்தத் தேவையைத் தள்ளிவைக்கிறேன்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சத்தமாகக் கேட்பது நல்லது. அவர்களும் கேட்கப் பழகுவார்கள்.

பிடித்திருந்து, வசதியும் இருந்து வாங்கினால், பெட்டியைத் திறந்து பிள்ளையின் கையில் கொடுங்கள். விளையாடித் தேய்ந்த பொம்மைக்குச் சந்தையில் விலை குறையும். வீட்டுக்குள் அதன் பெறுமதி குறையாது.