கருவியை விற்பது கல்வியாகாது

டிஜிட்டல் இந்தியா என்ற முழக்கத்தை 2015 ஜூலையில் தொடங்கிவைத்த ஒன்றிய பாஜக அரசு, தேசிய கல்விக் கொள்கை 2020-இன் வழியாக அதை உயர்கல்விக்குள்ளும் கொண்டுவந்துள்ளது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு டிஜிட்டல் எழுத்தறிவு தேவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எழுத்தறிவு என்ற பெயரில் எது கற்பிக்கப்படுகிறது, அது யாரைச் சென்றடைகிறது, ஆதாயம் யாருக்கு என்பவையே கேள்விகள்.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017-18) அளித்த விவரம் இது: கணினி வைத்திருந்த குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம், கிராமப்புறத்தில் வெறும் 4.4 சதவீதம். அதன்பின் கைபேசி பரவிவிட்டது, ஆகவே இடைவெளி மறைந்துவிட்டது என்கின்றனர் அரசின் ஆதரவாளர்கள். இது உண்மையை மறைக்கும் வாதம். கைபேசியில் காணொளி பார்க்கலாம். ஆய்வேடு எழுதவோ புள்ளிவிவரங்களை அட்டவணைப்படுத்திப் பகுத்தாயவோ அது போதாது. கைபேசியோடு வளர்ந்த தலைமுறைக்குக் கற்பிக்க ஏதுமில்லை என்பது, பேசத் தெரிந்தவனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பதற்கு ஒப்பாகும். வீட்டில் கணினியில்லாத கூலித் தொழிலாளியின் மகளுக்குக் கல்லூரி ஆய்வகமும் அங்கே உடனிருந்து கற்பிக்கும் ஆசிரியருமே துணை.

அரசோ எதிர்த்திசையில் செல்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் இணையத் தளத்தில் படிக்கலாம் என்று 2016இல் விதி வகுத்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அந்த வரம்பை 40 சதவீதமாக இரட்டிப்பாக்கியது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் பதிவுசெய்த காணொளியைக் கொண்டு வகுப்பை ஒப்பேற்ற இது வழிதிறக்கிறது. செலவைக் குறைக்கும் உத்திக்கு நவீனம் என்ற பெயர் சூட்டப்படுகிறது.

கற்பிக்கப்படுவதன் உள்ளடக்கம் என்ன? ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பயிற்சி, அந்நிறுவனத்திற்கு வாடிக்கையாளரை உருவாக்குமேயன்றிச் சிந்திக்கும் மாணவரை உருவாக்காது. ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிச் சரிபார்ப்பது, தேடுபொறி எதை முன்னிறுத்துகிறது, ஏன் முன்னிறுத்துகிறது என்று வினவுவது, தன் தரவு யாருடைய மூலதனமாகிறது என்று உணர்வது ஆகியவையே எழுத்தறிவின் சாரம்.

அத்தகைய எழுத்தறிவை ஆட்சியாளர்கள் விரும்புவார்களா? தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளில் புகுத்தியது ஒன்றிய அரசு. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் மூலம் தகவல் அறியும் உரிமைச் சட்டமே பலவீனப்படுத்தப்பட்டது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் இணையத்தைத் துண்டித்த இதே அரசு, 2021 பிப்ரவரி வரை அங்கு 4ஜி சேவையை முழுமையாக மீட்டளிக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நாடே இணையவழியில் படித்தபோது, அம்மாணவர்கள் 2ஜி வேகத்தில் தவிக்க விடப்பட்டனர்.

மாற்று வழி உண்டு என்பதைக் கேரளம் காட்டியது. பொதுத்துறை அமைப்பான கைட், அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி அளித்தது. பொய்ச் செய்தியை இனங்காணவும் மாணவர்களுக்குக் கற்றுத்தந்தது. இணையம் குடிமக்களின் உரிமை என்று அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது.

தொழில்நுட்பம் முழுவதையும் கார்ப்பரேட் சூழ்ச்சி என்று ஒதுக்குவது உழைக்கும் வர்க்கத்தின் நிலைபாடாக இருக்க முடியாது. ஒதுங்கினால் களம் எதிரியின் கைக்கே போகும். கோத்தாரி குழு பரிந்துரைத்தவாறு தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு; ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் மாலையிலும் திறந்திருக்கும் கணினி ஆய்வகம், நிரந்தர ஆசிரியர், கட்டற்ற மென்பொருள், தாய்மொழியில் பாடநூல் வழங்கு என்பவை மாணவர் இயக்கத்தின் உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். அச்செழுத்தைப் படிக்கும் உரிமையைப் போராடிப் பெற்ற மக்கள், திரையைக் கேள்வி கேட்கும் உரிமையையும் போராடியே பெறுவர்.