கடலடிக் கல்லறைக்கும் வேலி வேண்டும்

போரில் மடிந்தவனுக்குப் பகைவனும் புதைகுழி மறுத்தலாகாது. நாகரிகம் படைத்த மக்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட அறம் இது. தரையில் விழுந்த வீரனுக்குக் கல் உண்டு. கல்லிற் பெயர் உண்டு. அதற்குக் காவலும் உண்டு. கடலில் மூழ்கிய கப்பலோடு மடிந்தவனுக்கோ அக்கப்பலே கல்லறை. அக்கல்லறையை உடைத்து இரும்பு விலைக்கு விற்பவர்கள் இன்று ஆசியக் கடல்களில் உலாவுகின்றனர். எமது கிழக்குக் கரையோரத்திலும் அத்தகைய கல்லறை ஒன்று கிடக்கின்றது. கள்வர் வருமுன் அதற்குச் சட்டத்தின் காவல் வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரும் என அறிந்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டகன்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் அவற்றின் கண்ணிற் பட்டது. விமானங்களைத் தாங்குவதற்கென்றே வரையப்பட்ட அக்கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. குண்டு மழையில் அது விரைவில் மூழ்கியது. கப்பற்றலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' அன்றே மூழ்கியது. 'ஹொலிஹொக்' என்னும் காவற்கப்பலும் அன்றே அழிந்தது. 'ஹேர்மிஸ்' இன்றும் 50 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் ஒருபுறம் சாய்ந்து கிடக்கின்றது. மட்டக்களப்புக் கடற்றொழிலாளர் அந்த இடத்தை நன்கறிவர்.

எண்பது ஆண்டுகள் கிடந்த கப்பலை இனி யார் தொடப்போகிறார்கள் என்று எண்ணுதல் பேதைமை. 1942 பெப்ரவரி 27ஆம் திகதி யாவாக் கடலில் நடந்த போரில் 'டி றுய்ற்றர்', 'யாவா', 'கோர்ட்டனர்' என்னும் ஒல்லாந்துப் போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளுடன் மூழ்கின. 2002ஆம் ஆண்டிற் சுழியோடிகள் முதலிரு கப்பல்களையும் கண்டுபிடித்தனர். போரின் 75ஆம் ஆண்டு நினைவுக்கு ஆயத்தமாக 2016ஆம் ஆண்டு மீண்டும் சென்று பார்த்தபோது, அவ்விரண்டும் முற்றாக மறைந்திருந்தன. மூன்றாவதன் பெரும்பகுதியும் இல்லை. கடலடி மணலிற் கப்பல் கிடந்த பள்ளமே எஞ்சியிருந்தது. உள்ளே கிடந்த எலும்புகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை எண்ணவே நெஞ்சு கூசுகின்றது.

மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசெம்பர் 10ஆம் திகதி 840 பேருடன் மூழ்கிய 'பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' என்னும் பெருங் கப்பல்களின் கதையும் இதுவே. இவ்விரண்டும் பிரித்தானிய சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டவை. இருந்தும், அவற்றின் உலோகம் களவு போயிற்று. 2023 மே மாதத்தில் மலேசிய அதிகாரிகள் சீனக் கப்பல் ஒன்றைப் பிடித்தனர். அதில் பழைய பீரங்கிக் குண்டுகளும் துருவேறிய உலோகமும் காணப்பட்டன. எனினும் அக்கப்பலைத் தடுத்து வைத்ததற்குக் காட்டப்பட்ட காரணம் யாது? அனுமதியின்றி நங்கூரமிட்டது என்பதே! கல்லறையைக் குடைந்தானென்ற ஐயத்துக்கு ஆளானவனை, வண்டியைப் பிழையான இடத்தில் நிறுத்தினான் என்று பிடிப்பது போன்றது இது.

சட்டத்தின் குறை எங்கே உளது? 1986ஆம் ஆண்டின் பிரித்தானிய இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம், பொதுக் கடலில் பிரித்தானியப் பிரசைகளையும் அந்நாட்டுக் கப்பல்களையும் மாத்திரமே கட்டுப்படுத்தும். பிறநாட்டான் வந்து குடைந்தால் அதன் கை எட்டாது. 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையோ நீரடியில் 100 ஆண்டுகளேனும் கிடந்தவற்றையே மரபுரிமையெனக் கொள்ளும். 'ஹேர்மிஸ்' அத்தகுதியைப் பெற 2042 வரை காத்திருத்தல் வேண்டும். கள்வன் காத்திருப்பானா?

மூழ்கியதனால் மாத்திரம் போர்க்கப்பல் அதன் நாட்டுக்கு உரிமையற்றுப் போவதில்லை என்பதே கடல்வல்லரசுகள் பலவற்றின் நிலைப்பாடு. ஆனால், 'ஹேர்மிஸ்' கிடக்கும் நீர் இலங்கையின் 12 கடல் மைல் எல்லைக்குள் உளது. காணியுறுதி ஒருவர் கையில். வேலியடைக்க வேண்டியவர் இன்னொருவர். உறுதி வைத்திருப்பவர் தொலைவில் இருக்கையில், அயலவர் கண்ணை மூடிக்கொண்டால் எல்லைக்கல்லும் தங்காது என்பதை எமது கமக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்நிய ஏகாதிபத்தியத்தின் கப்பலுக்கு நாம் ஏன் காவல் நிற்க வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், கல்லறை கொடியைப் பார்ப்பதில்லை. நடுகல்லுக்குத் தொல்காப்பியத்திலேயே இலக்கணம் கண்ட இனம் எமது இனம். போர் முடிந்த பின்னர் எமது பிள்ளைகள் புதைக்கப்பட்ட துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதைக் கண்ணாற் கண்டவர்களும் நாமே. இறந்தவனின் எலும்புக்கு நேரும் அவமதிப்பு உயிரோடிருக்கும் தாயின் நெஞ்சில் எவ்வாறு தைக்கும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எமது கல்லறைகளுக்கு மதிப்புக் கேட்கும் நாம், எமது கடலிற் கிடக்கும் பிறர் கல்லறைக்கும் அதே மதிப்பைக் கேட்டாலன்றோ எமது குரல் அறத்தின் குரலாகும்!

பயனும் இதில் உண்டு. போர்க்கப்பலின் வயிற்றில் எண்ணெயும் வெடிபொருளும் எஞ்சியிருத்தல் கூடும். பாராந்தூக்கி கொண்டு அதைக் கிழித்தால் முதற் கேடு எமது மீனவருக்கே. கப்பலைக் காணவரும் சுழியோடிகளால் மட்டக்களப்பிற் சிலர் பிழைக்கின்றனர். களவு போன கப்பலைக் காண எவர் வருவார்?

ஆகவே, பாராளுமன்றம் இதற்கென ஒரு தெளிவான சட்டத்தை இயற்றுதல் வேண்டும். நூறாண்டு நிறைந்ததா என்று பாராது, மாலுமிகளோடு மூழ்கிய ஒவ்வொரு போர்க்கப்பலையும் அது போர்க்கல்லறையென அறிவித்தல் வேண்டும். எக்கொடி தாங்கிய கலமாயினும், எமது நீரிற் கல்லறையைத் தொட்டால் அதனைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் வேண்டும். பார்க்கலாம், தொடலாகாது என்ற விதி சுழியோடிக்கு இருக்கட்டும். தூண்டிலிட்டு வாழும் ஏழைக்குத் தொல்லை இருத்தலாகாது. கரையோர மக்கள் தரும் தகவலை ஏற்று உடன் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். எமது சட்டத்தரணிகள் இதன் நகலை வரைய முன்வரட்டும். எமது பிரதிநிதிகள் அதைச் சபையில் எழுப்பட்டும்.

யாவாக் கடலிற் பள்ளத்தைக் கண்ட பின்னரே ஒல்லாந்தர் துடித்தனர். மட்டக்களப்புக் கடலில் கப்பல் இன்னும் இருக்கின்றது. வேலி அடைக்க வேண்டிய காலம் இதுவே.