படிகள் பலவாதலும் பாடம் காத்தலும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் நங்கநல்லூரை அடுத்த மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கியது. அடையாற்றங்கரைக் கோட்டூர்புரத்திலும் நீர் புகுந்தது. நங்கநல்லூரில் ஒரு வழங்கியில் தொகுத்த சுவடிப் படிமங்களுக்குக் கோட்டூர்புரத்தில் ஒரு படி வைத்தல் போதிய காப்பாகாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அடங்கும். படி வேறூரில் இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எவ்வாறு படியெடுப்பது என்பதில்தான் தமிழ்த்துறைகள் போதிய கருத்துச் செலுத்தவில்லை.

பத்து டெராபைட் படிமங்களை நொடிக்கு 100 மெகாபிட் விரைவில் அனுப்ப ஒன்பது நாளுக்கு மேலாகும். முதற்படியை வன்தட்டில் கொண்டுசென்று, பின்னர் நேரும் மாற்றங்களை மட்டும் வலையமைப்பின்வழி அனுப்புவதே நடைமுறைக்கு ஏற்றது. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராசும் உருவாக்கிய ஆர்சிங்க் என்னும் மென்பொருள் இதற்கெனவே அமைந்தது. பெறும் புறத்துக் கோப்பைத் துண்டுகளாக்கி, சரிபார்ப்பெண்களை ஒப்பிட்டு, வேறுபடும் பகுதியை மட்டும் அனுப்பும்.

இங்கு ஓர் இடர் உண்டு. கோப்பின் அளவும் திருத்திய நேரமும் ஒத்திருப்பின், வேறு கட்டளை இல்லாதவரை, அம்மென்பொருள் உள்ளே நோக்காது கடந்துவிடும். தட்டில் தானே சிதைந்த படிமம் நல்லதாகவே எண்ணப்படும். மாறாக, மூலத்தில் ஒருவர் பிழைபடத் திருத்திய கோப்பு அன்றிரவே எல்லாப் படிகளிலும் பரவும். நீக்கலையும் பின்பற்றுமாறு பணித்திருந்தால் நீக்கியதும் அவ்வாறே பரவும். எனவே ஒத்தியங்கும் படிகள் ஐந்தாயினும் சான்று ஒன்றே.

சுவடிப் பதிப்பு அறிந்தோர்க்கு இது புதிதன்று. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அவருக்குத் துணைநின்றவை வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளின் வேறுபாடுகளே. அவையெல்லாம் நாள்தோறும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் பாடவேறுபாடு என ஒன்றைக் குறிக்கவே இயலாது போயிருக்கும்.

ஆதலின் படிமம் எடுத்த நாளிலேயே ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பெண்ணையும் பதிந்து தனியிடத்தில் வைத்தலும், பழைய வடிவங்களை அழியாது காத்தலும் துறையின் கடமை. கணினிப் பொறியாளர் பொறுப்பென்று ஒதுக்கத் தக்கதன்று இது. பாடத்தின் நம்பகம் பற்றியது. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இன்று வலைமுகவரியும் பார்த்த நாளும் குறிக்கப்படுகின்றன. அன்று பார்த்த கோப்புத்தான் இன்றும் அங்கு உள்ளதா என்பதை இவ்விரண்டும் காட்டா. எஸ்எச்ஏ-256 முறையில் கிடைக்கும் 64 குறிகளை உடன் சேர்ப்பதால் பட்டியல் ஒரு வரி நீளும், அவ்வளவே.