மரக்காணம் கடற்கரையில் குடிநோய் சிகிச்சை கோரி மனு

அனுப்புநர்
மரக்காணம் உப்பளங்களிலும் கடலோரக் குப்பங்களிலும் குடியை விட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் நிர்வாகிகள்,
மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

நகல்: மக்கள் நல்வாழ்வுத் துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தொழிலாளர் நலத் துறைச் செயலாளர்கள்.

பொருள்: உப்பளத் தொழிலாளர்களுக்கும் மீனவர்களுக்கும் மரக்காணத்திலேயே குடிநோய் சிகிச்சையும், குடியை விட்டபின் தொடர் கவனிப்பும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று விற்கப்பட்ட மெத்தனால், மரக்காணம் பகுதியில் 14 உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. விற்றவர்களைப் பிடித்தது, வழக்கை சிபிசிஐடி விசாரணைக்கு மாற்றியது. அதற்கெல்லாம் நன்றியுடையோம். ஆனால் அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் இதேபோன்ற சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விற்பவரைப் பிடிப்பது அவசியம்தான். வாங்கிக் குடிக்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டவரை யார் கவனிப்பது? அதைக் கேட்கவே இந்த மனு.

இங்கே குடியை விட நினைப்பவர் முதலில் அஞ்சுவது அடுத்த நாள் காலையைத்தான். பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் இல்லாத உருவங்கள் தெரியும், யாரோ பேசுவது கேட்கும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. மருத்துவக் கவனிப்பு இல்லையென்றால் இந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். ஏற்கெனவே வெயிலிலும் உப்புநீரிலும் நின்று நீர் வற்றிப்போன உடம்பு இன்னும் தாங்காது. ஆகவே அவர் நடுக்கம் அடங்க ஒரு கட்டிங் போட்டுக்கொண்டு உப்புப் பாத்திக்கு இறங்குகிறார். ஊரார் அதைத் திமிர் என்கிறார்கள், அது நோய். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மதுவால் வரும் பாதிப்பை மனநோய் என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சிகிச்சை வேண்டுமென்றால் திண்டிவனம் போய் அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்கு. நடுங்கிக்கொண்டிருப்பவரை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துப்போகும் மனைவி, வழியில் எத்தனை மதுக்கடைகளைத் தாண்ட வேண்டும் என்பதைத் தாங்கள் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். மரக்காணம் அரசு மருத்துவமனையில் குடிநோய்க்கென்று சில படுக்கைகள், முதல் வாரத்தைப் பாதுகாப்பாகக் கடத்தத் தேவையான மருந்துகளும் தயமின் ஊசியும், வாரம் ஒருநாள் மனநல மருத்துவர். இதுவே எங்கள் முதல் கோரிக்கை. 2025 இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களின் வசதி இந்தக் கரைக்கும் வர வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையை விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதையே முக்கியமாகக் கருதுகிறோம். எங்கள் ஆண்டு மற்றவர்களின் ஆண்டு போன்றதல்ல. ஜனவரியில் பாத்தி மிதித்துச் சீராக்கத் தொடங்கினால் செப்டம்பர் வரை உப்பு வாருகிறோம். அந்த மாதங்களில் பதினைந்து நாள் படுக்கையில் கிடந்தால் பதினைந்து நாள் கூலி போகும். வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் மருத்துவர் சொன்னாலும் ஆள் ஓடிவந்துவிடுகிறார். ஐப்பசி மழை இறங்கிப் பாத்திகள் மூழ்கியதும் டிசம்பர் வரை வேலையில்லை. கையில் காசில்லாமல், செய்ய ஒன்றுமில்லாமல், கடனுக்காவது குடிக்கும் காலம் அதுதான். சிகிச்சைக்கு ஏற்ற காலமும் அதுவே. கூலியை இழக்காமல் ஒருவர் படுக்கையில் சேர முடிகிற ஒரே பருவம் அது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அவர்களுக்கு அதுவே வாய்ப்பு.

எனவே மழைக்காலத்தில் ஒன்றும் தடைக்காலத்தில் ஒன்றுமாக, ஆண்டுக்கு இரண்டு முகாம்களை மரக்காணத்தில் தங்கும் வசதியோடு நடத்த வேண்டுகிறோம். இது புதிய யோசனை அல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமப் பகுதிகளுக்கே போய் முகாம் நடத்திக் காட்டியிருக்கிறது. குடிப்பவரோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசும் முறை அவர்களுடையது. அந்த அனுபவத்தைக் கேட்டறிந்து இங்கும் செய்யலாம். மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் முகாம் தொடங்கும் முன்பே குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டால், சேருபவரின் மனம் வீட்டை நினைத்து அலையாது.

குடிநோய் முகாமோடு முடிந்துவிடும் என்றும் நாங்கள் நம்பவில்லை. எங்களில் பலர் விட்டு, மறுபடி தொட்டு, மறுபடி விட்டவர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகளையும் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி, அந்த மாத்திரைகளைக் கொண்டுவரும் சகோதரிகளே கொண்டுவந்து தரலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்துகொடுக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் தடுக்க வேண்டும். அதைத் தின்றபின் குடித்தால் ஆபத்து என்பது வாங்கும் பெண்களுக்குத் தெரிவதில்லை. அடித்து உதைத்து அடைத்துவைக்கும், பதிவு பெறாத தனியார் மறுவாழ்வு இல்லங்களும் சோதனைக்குள்ளாக வேண்டும்.

சாராயம் விற்பதை விட்டுத் திருந்தியவர்களுக்கு அரசு மறுவாழ்வு நிதி தருகிறது. நல்லது. குடிப்பதை விட்டவர்களையும் அரசு திரும்பிப் பார்க்கட்டும். அதுபோன்ற நிதியை நாங்கள் கேட்கவில்லை. குடியை விட்டு நிலைத்தவர்களில் சிலருக்குப் பயிற்சியும் மதிப்பூதியமும் கொடுத்து மருத்துவமனையிலும் முகாமிலும் உதவியாளராக வையுங்கள். புதிதாக வருபவர் வெள்ளைச் சட்டைக்காரரிடம் மறைப்பதை, கூடவே உப்பு வாரியவரிடம் சொல்லிவிடுவார். 1935 இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். எங்கள் கூட்டமும் அப்படியே நடக்கிறது. கூலி முழுதாக வீடு சேருவதையும், நடுங்காத கை வாருபலகையைப் பிடிப்பதையும், தந்தை வரும் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் உள்ளே ஓடாமல் இருப்பதையும் இங்கே கண்ணால் பார்க்கிறோம். இது நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கேட்கும் துணிவும் அதிலிருந்தே வருகிறது. கூடி உட்கார ஊராட்சிக் கட்டடம் ஒன்றில் மாலை நேரங்களில் ஓர் அறை கொடுத்தால் போதும்.

மழைக்கு முன் ஏற்பாடுகள் முடிய வேண்டும் என்பதால், மருத்துவம், தொழிலாளர் நலம், மீன்வளம், மதுவிலக்குத் துறை அலுவலர்களோடு செப்டம்பருக்குள் மரக்காணத்தில் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் கூட்டித் தருமாறு வேண்டுகிறோம். உப்பு வாரும் வேலை விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் ஓய்வதால், முற்பகல் பதினொரு மணிக்கு மேல் வைத்தால் கூலி இழக்காமல் பெண்களும் வந்து பேசுவார்கள்.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள், குடும்பத்தார்
மரக்காணம்