ஏரியைப் பார்க்கும் கண் யாருடையது?

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் மேற்கத்திய ஓவியம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் தவறாமல் எழும். 'அது நமக்கு அந்நியம். சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களும் இருக்கையில் ரெம்பிராண்ட் எதற்கு?' என்பது முதற்குரல். 'ஓவியத்துக்கு வரலாறு வேண்டாம், முன்னால் நின்று உணர்ந்தால் போதும்' என்பது இரண்டாவது. எதிரெதிர் அணிகள் போலத் தோன்றும் இவை, படிக்க வேண்டியதைப் படிக்காமல் தப்பித்துக்கொள்வதில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றன.

அட்டுவம்பட்டியில் நாங்கள் சிலர் கூடி இரண்டு நாட்கள் ஓவிய வரலாறு பேசியபோதும் இவ்விரு குரல்களும் ஒலித்தன. முதற்குரலுக்குரிய நண்பர் மறுநாள் காலையில் எங்களைக் கொடைக்கானல் ஏரியை மேலிருந்து காணும் இடத்துக்கு இழுத்துச்சென்றார். கைபேசியில் ஒரு படம் எடுத்தார். நல்ல படம்தான். இடப்பக்கம் இருண்ட மரம் ஒன்று, நடுவில் ஒளி வாங்கிய நீர்ப்பரப்பு, அப்பால் அடுக்கடுக்காக நீலத்தில் கரையும் மலைகள். அந்தச் சட்டகம் அவருடையதன்று. பதினேழாம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்த கிளாட் லொரைன் என்ற ஓவியனுடையது. அந்நியம் என்று முந்தைய இரவு அவர் தள்ளிவைத்த ஒன்று அவர் கண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது.

இது வெறும் சாதுரியப் பேச்சல்ல. கிளாடின் நிலக்காட்சிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பிரபுக்கள் போட்டியிட்டு வாங்கினார்கள். வாங்கி மாட்டியதோடு நிற்கவில்லை. தங்கள் பண்ணைகளையே அந்த ஓவியங்களைப் போலத் திருத்தி அமைத்தார்கள். ஸ்டவர்ஹெட் என்னும் தோட்டத்தில் அணை கட்டி ஏரி உண்டாக்கி, கரையில் பழைய ரோமானியப் பாணியில் கோயில்களையும் எழுப்பினார்கள். வில்லியம் கில்பின் போன்றவர்கள் 'ஓவியத்துக்கு உகந்த காட்சி' என்பதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினர். பயணிகள் கிளாடின் பெயரால் அழைக்கப்பட்ட கருநிறக் குவிகண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை ரசித்தார்கள். கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக் கைபேசிக்குள் பார்க்கும் கூட்டத்தைக் கண்டு நகைக்கும் அறிவுஜீவிகள் இதை அறிந்திருந்தால் நகைப்பின் தரமாவது உயர்ந்திருக்கும்.

இந்தப் பார்வை இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றி, பாபநாசம் அருவி உட்படப் பல இடங்களை அந்த இலக்கணத்தின்படி வரைந்தார்கள். 1863இல் மதுரை ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச், கொடைக்கானலின் சதுப்புப் பள்ளத்தில் ஓடைநீரைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். கிளாடின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அணை கட்டினார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், ஏரியில்லாத மலைவாசத்தலத்தைக் குறைபட்டதாக உணரும் மனம் அவர் வளர்ந்த சமூகத்துக்கு ஓவியச் சுவர்களிலிருந்து கிடைத்தது என்கிறோம்.

இங்கேதான் விஷயம் ரசனையைத் தாண்டிப் போகிறது. பழனி மலையின் மேற்பகுதி, சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி அமைந்த நிலம். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில். பெய்யும் மழையை இழுத்துப் பிடித்து ஓடைகளுக்குக் கொடுத்ததும் அந்தப் புல்லும் சோலையும்தான். ஆனால் கிளாடின் கண்ணுக்குப் புல்வெளி வெறுமை. மரம் வேண்டும், மரம் சட்டகமாக நிற்க வேண்டும். யூகலிப்டஸ் விறகுக்காக வந்தது, வாட்டில் தோல் பதனிடும் பட்டைக்காக வந்தது, பைன் கூழ்மரமாக வந்தது. பொருளியல் காரணங்களே முதன்மையானவை என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒரு நிலத்தைத் 'தரிசு' என்று எழுதுவதற்கு முன்னால் கண் அதைத் தரிசாகப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளையர் போன பிறகும் நாமே அந்த நடவைத் தொடர்ந்தோம். இன்றும் பைன் மரங்களுக்கிடையே நின்று 'என்ன இயற்கை!' என்று வியக்கிறோம். நிலத்தைப் பூவும் தெய்வமும் தொழிலும் மாந்தருமாகச் சேர்த்தே பார்த்த திணை மரபின் வாரிசுகள் நாம், காட்சியை மட்டும் தனியே வெட்டியெடுக்கப் பழகியது எப்போது? மேற்கத்திய ஓவிய வரலாறு தெரியாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. மேற்கை எதிர்ப்பவருக்கே அந்த வரலாறு முதலில் தேவை.

மேற்கு என்பது கிளாட் மட்டுமல்ல என்பதும் வரலாற்றைப் படித்தால்தான் தெரியும். 1821இல் பி.எஸ்.வார்டு பழனி மலையை நில அளவை செய்தார். அதே ஆண்டில் லண்டன் அருகே ஹாம்ஸ்டெட்டில் ஜான் கான்ஸ்டபிள் மேகங்களை வரைந்துகொண்டிருந்தார். படத்தின் பின்புறம் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். சட்டகம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட காட்சியல்ல அது. இந்த மணிக்கு இந்த வானம். பிறகு செசான் வந்தார். சேன் விக்டுவார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்து, தொலைவு நீலத்தில் கரைந்து மறையும் வசதியையே கலைத்துப் போட்டார். தூரத்து மலை முன்னுக்கு வந்து மரக்கிளையைத் தொடுகிறது. கிளாடின் கண்ணைக் கழற்றி எறிந்த வேலையில் பெரும்பங்கு மேற்கத்திய ஓவியர்களுடையது.

சித்தன்னவாசலைக் காட்டி ரெம்பிராண்ட்டைத் தள்ளுபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டுப் பூஜையறையில் மாட்டியிருப்பது சித்தன்னவாசலா? 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் எண்ணெய் வண்ணத்தில் வரைவதை ஒதுங்கி நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார் ரவி வர்மா. அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வீடுவீடாகப் போனார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் நிலைகொண்ட கொண்டைய ராஜு (1898–1976) சிவகாசி அச்சகங்கள் வழியே நம் முருகனுக்கு முகம் கொடுத்தார். அந்த முருகனின் கன்னத்தில் விழும் நிழல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்காக முருகன் குறைந்துபோகவில்லை.

இரண்டாவது குரலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'உணர்ந்தால் போதும்' என்பவர்கள் வான்கோவைப் பற்றி எழுதினால் ஐந்து பக்கத்தில் நான்கு பக்கம் காதறுத்த கதை. மஞ்சள் எங்கே? ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட தட்டையான வண்ணப் பரப்பு எங்கே? 1841இல் ஜான் ராண்ட் கண்டுபிடித்த தகரக் குழாய் இல்லையென்றால் வயல்வெளிக்கு வண்ணத்தை எளிதில் தூக்கிச்சென்றிருக்க முடியுமா? உணர்வு என்று இவர்கள் சொல்வது, பெரும்பாலும், ஏற்கெனவே கேட்ட கதையை நினைத்து உருகுவது.

தமிழில் முயற்சியே இல்லை என்பது பொய். ஆதிமூலத்தின் கோடுகளைச் சிற்றிதழ்களே வாசகரிடம் சேர்த்தன. இந்திரன் நெடுங்காலமாகக் கலை விமர்சனம் எழுதுகிறார். பி.ஏ.கிருஷ்ணனின் 'மேற்கத்திய ஓவியங்கள்' குகைக்காலத்திலிருந்து வரிசைப்படி, வண்ணப் படங்களோடு காலச்சுவடு வெளியீடாக வந்திருக்கிறது. அதைப் பற்றிக் காரசாரமாக ஒரு பத்து மறுப்புக் கட்டுரைகளேனும் நம் சூழலில் எழுந்திருக்க வேண்டாமா? ஒரு நாவலின் பின்னட்டை வாசகத்துக்காக மாதக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் நாம்.

அடுத்த முறை அட்டுவம்பட்டியில் கூடும்போது செசானையும், 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கிய கே.சி.எஸ்.பணிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக முடிவுசெய்திருக்கிறோம். ஏரிப் படம் எடுத்த நண்பரும் வருகிறார். பணிக்கரைப் பற்றிப் பேச அவரையே கேட்டிருக்கிறோம். தயாரிப்புக்கு இரண்டு மாதம் அவகாசம் வேண்டும் என்றிருக்கிறார்.