செத்தது ஸ்கேனரா, டிரைவரா?

"லினக்ஸ்ல ஸ்கேனரா? உனக்கு வேற வேலையே இல்லையா?" பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களே இப்படித்தான் கேக்கறாங்க. பிரிண்டர் ஓடும், வைஃபை ஓடும், ஸ்கேனர் மட்டும் மக்கர் பண்ணும்ங்கறது நம்ம ஊர்ல பொதுக்கருத்து. அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

யோசிச்சுப் பாருங்க. ஸ்கேனருக்குள்ள என்ன இருக்கு? ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு சென்சார், அதை நகர்த்த ஒரு குட்டி மோட்டார். பத்து பதினஞ்சு வருஷம் ஆனாலும் பல ஸ்கேனர் நல்லாத்தான் இருக்கும். ஆனா பரண்ல தூங்குது. ஏன்? விண்டோஸ் மாறிச்சு, டிரைவர் மாறலை. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸ்ல ஏறாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சாச்சு. தயாரிச்ச கம்பெனி புது டிரைவர் எழுதலைன்னா, ஓடற மெஷின் குப்பை. கம்பெனிக்கு என்ன நஷ்டம்? நாமதான் புதுசு வாங்குவோமே!

லினக்ஸ்ல இந்த வேலையைப் பாக்கறது 'சேன்'. 'ஸ்கேனர் ஆக்ஸஸ் நௌ ஈஸி'ங்கறதோட சுருக்கம். விண்டோஸ்ல பழகின 'ட்வெய்ன்' முறையில டிரைவரும் அது காட்டற ஜன்னலும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க. சேன்ல ரெண்டையும் பிரிச்சுட்டாங்க. மெஷினோட பேசறது பேக்எண்ட், நம்மளோட பேசறது ஃப்ரண்ட்எண்ட். அதனால ஸ்கேனரை ஒரு பொட்டில சொருகிட்டு, நெட்வொர்க் வழியா இன்னொரு பொட்டிலேர்ந்து ஸ்கேன் பண்ணலாம். பல பேக்எண்டுகள் கம்பெனி உதவியே இல்லாம, யூ.எஸ்.பி.ல ஓடற தகவலை ஒட்டுக்கேட்டு எழுதினது. எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு.

நிறுவறதுல பெரிய வித்தை ஒண்ணுமில்லை. டெர்மினல்ல 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' கட்டளை கொடுத்து, மெஷின் கண்ணுக்குத் தெரியுதான்னு பாருங்க. அது காட்டற எண்ணை சேன் பட்டியல்ல தேடுங்க. 'கம்ப்ளீட்', 'குட்'னு இருந்தா கவலையில்லை. 'அன்சப்போர்ட்டட்'னு இருந்தா ராத்திரி முழுக்க மல்லுக்கட்டாதீங்க, தூங்குங்க :-) ரூட்டா ஓடுது, சாதாரணப் பயனரா ஓடலைன்னா அது அனுமதிப் பிரச்சினை. யூடெவ் விதி ஒரு வரி சேர்த்தா சரியாயிடும். சில மாடலுக்கு ஃபர்ம்வேர் கோப்பு தனியா வேணும். பழைய விண்டோஸ் சிடியைத் தூக்கிப் போடாம இருந்தா அதுலேர்ந்து எடுத்துக்கலாம்.

புது மெஷின்ல கதையே வேற. 'இ.எஸ்.சி.எல்.'னு ஒரு பொது மொழி வந்தாச்சு. அது தெரிஞ்ச மெஷினுக்குத் தனி டிரைவரே வேணாம். யூ.எஸ்.பி.ல இணைச்சாலும் நெட்வொர்க் சாதனம் மாதிரி காட்டறதுக்கு 'ஐ.பி.பி. யூ.எஸ்.பி.'ங்கற நிரல் இருக்கு. 2021-ல வந்த டெபியன் 11-லயே இதெல்லாம் உண்டு.

"போன்ல போட்டோ எடுத்தா முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?"னு கேப்பீங்க. மளிகை பில்லுக்கு சரி. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை ஏதோ ஒரு இலவச ஆப் எந்த ஊர் சர்வருக்கு அனுப்புதுன்னு யாருக்குத் தெரியும்? ஸ்கேனர்ல 300 டிபிஐ-ல எடுத்தா வளையாது, நிழல் விழாது, வீட்டை விட்டும் போகாது. நல்லா அச்சான தமிழ்ப் பக்கத்தை டெசராக்ட் எழுத்தாவே மாத்திக் கொடுக்கும். அதுவும் 2005-லேர்ந்து கட்டற்ற மென்பொருள்தான்.

கடைசியா என் கட்சி இதுதான். பெட்டில 'லினக்ஸ் சப்போர்ட்'னு போட்டிருந்தா மட்டும் போதாது. மூலநிரல் இல்லாம இன்டெல் பொட்டிக்கு மட்டும் டிரைவர் கொடுத்தா, ராஸ்பெர்ரி பை-ல அது ஏறாது. கம்பெனி கைவிட்டா அதுவும் பரணுக்குத்தான் போகும். மூலநிரல் வெளியில இருக்கா, இல்லை பொது மொழி பேசுதா? இந்த ரெண்டுல ஒண்ணு இருந்தாதான் நாம காசு கொடுத்த மெஷின் நம்மளோடது. இல்லைன்னா வாடகைக்கு எடுத்த மாதிரிதான்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி, பரண்ல இருக்கறதை இறக்கி தூசி தட்டி ஒரு தடவை சொருகிப் பாருங்க மக்களே!